ஸ்பானிஷ் பேசும் பையன்கள், நர்ஸ் வேலை: கேள்வி பதில்

டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் 14 வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். புதிதாகச் சேர்பவர்கள் கூடவே நின்று வேலை பழக்கிவிடுவது என் பொறுப்பு. ஊரில் பாதிக்கு மேல் ஹிஸ்பானிக் மக்கள், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளியினர். அதனால் என்னிடம் வருகிறவர்களில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களும் உண்டு. அவர்களைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

அக்கா, அமெரிக்காவில் ஹிஸ்பானிக் மக்கள் அவ்வளவு பேர் இருக்கிறார்களே, நர்ஸ்களிலும் அதே அளவு இருப்பார்களா?

இல்லை தம்பி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவர்கள் 6 கோடிக்கும் மேல், கிட்டத்தட்ட 19 சதவீதம். ஆனால் 2022-இல் நடந்த தேசிய நர்சிங் கணக்கெடுப்பில் பதிவுபெற்ற நர்ஸ்களில் அவர்கள் சுமார் 7 சதவீதம்தான். ஆண்கள் சுமார் 11 சதவீதம். இரண்டிலும் சேர்கிற பையன் எவ்வளவு அபூர்வம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒத்துக்கொள்கிறார்களா? ஆம்பளைப் பிள்ளை ஏன் இந்த வேலைக்கு என்று கேட்க மாட்டார்களா?

கேட்பார்கள். ஆம்பளை என்ற அந்த வீம்புக்கு 'மச்சிஸ்மோ' என்று அவர்களுக்கே ஒரு சொல் இருக்கிறது. என்னிடம் பழகிய ஒரு பையனின் அப்பா கூரை வேயும் தொழிலாளி. "எப்போது டாக்டர் ஆவாய்?" என்று ஒரு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தாராம். பிறகு பாட்டிக்குச் சர்க்கரையால் காலில் புண். தினமும் டூட்டி முடிந்து வந்து, அவள் பாதத்தை மடியில் வைத்து இவன் கட்டு மாற்றியிருக்கிறான். நாலாம் நாள் அப்பா தானாகவே எழுந்துபோய் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அந்தக் கேள்வி அதோடு நின்றுவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கிரனாடாவில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த சான் ஹுவான் தே தியோஸ் ஓர் ஆண். கத்தோலிக்கத் திருச்சபை நர்ஸ்களின் பாதுகாவலர்களில் ஒருவராக அவரைக் கொண்டாடுகிறது. ஆண் நர்ஸ் அவர்கள் மரபுக்குப் புதிதே இல்லை. நடுவில் மறந்துபோயிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அவர்களுக்கு எது பெரிய கஷ்டம், மேடம்?

அவர்களுடைய ஸ்பானிஷ்! ஆச்சரியமாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை. வார்டில் யாருக்கு ஸ்பானிஷ் தேவைப்பட்டாலும் "கொஞ்சம் வந்து சொல்லிட்டுப் போ" என்று இவனைத்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு டூட்டியில் ஐந்தாறு தடவை. இவனுடைய பேஷண்டின் ஒன்பது மணி மருந்து பத்து மணிக்குப் போகும். தாமதம் இவன் பேரில் பதிவாகும், செய்த உதவி எங்கேயும் பதிவாகாது.

அதைவிட ஆபத்து ஒன்று இருக்கிறது. அம்மாவிடம் பேசிய ஸ்பானிஷ் வேறு, ஆபரேஷனுக்குச் சம்மதம் வாங்கும் ஸ்பானிஷ் வேறு. 1980-இல் ஃப்ளோரிடாவில் வில்லி ராமிரெஸ் என்ற 18 வயதுப் பையனை மயங்கிய நிலையில் கொண்டுவந்தார்கள். வீட்டார் 'இன்டாக்ஸிகாதோ' என்றார்கள். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்ற அர்த்தத்தில் சொன்னது. மருத்துவர்கள் அதைப் போதை மருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். மூளையில் ரத்தம் கசிந்தது தெரியாமல் போய், கை கால் நான்கும் செயலிழந்தன. ஒரே ஒரு சொல்!

என் கண் முன்னாலும் ஒன்று நடந்தது. வீட்டுக்குக் கிளம்பிய பெரியவரின் பிரஷர் மாத்திரை டப்பாவில் ஆங்கிலத்தில் 'ஒன்ஸ்', அதாவது ஒரு வேளை, என்று இருந்தது. ஸ்பானிஷில் அதே எழுத்துகளை 'ஒன்ஸே' என்று படிப்பார்கள். அர்த்தம் பதினொன்று. பையன் சும்மா விடாமல், "எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்டான். அவர் டப்பாவைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்துவிட்டு, "ஒன்ஸே" என்றார். அன்று அவர் உயிரைக் காப்பாற்றியது அந்த ஒரு கேள்விதான் என்று இன்றும் நம்புகிறேன்.

அதனால் நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். மருத்துவ மொழிபெயர்ப்புக்கான தேர்வை எழுதிவிடு. தேறும்வரை சம்மதப் பத்திரம் என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடு. தேறிய பிறகு, இரு மொழிக்கான கூடுதல் சம்பளம் உண்டா என்று கூச்சப்படாமல் கேள், பல மருத்துவமனைகள் தருகின்றன. பொறுப்பு நர்ஸிடம், "அந்த பேஷண்டை எனக்கே போடுங்கள், என்னுடையவர்களில் ஒருவரை மாற்றிவிடுங்கள்" என்று சொல். மொழி தெரிந்தது ஒரு திறமை, அதை இனாமாக வாங்கிக்கொள்ள விடாதே.

பெண் நோயாளிகளிடம் சங்கடம் வராதா?

வரும். தொடுவதற்கு முன்னால் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி, அனுமதி கேட்டு, சிறுநீர்க் குழாய் மாதிரி விஷயங்களுக்கு ஒரு பெண் நர்ஸையும் அறையில் வைத்துக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் அது அவர் உரிமை, மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது.

ஆண் என்பதால் தூக்குகிற வேலை எல்லாம் தலையில் விழுமா?

விழும். முதுகு போனால் திரும்ப வராது. தூக்கும் இயந்திரத்தை எடுத்து வரச் சொல்லுங்கள்.

சிஸ்டர், நம் ஊரில் ஆண் நர்ஸை 'பிரதர்' என்கிறோம். அங்கே எப்படி?

பாட்டிமார் பலர் 'மிஹோ' என்பார்கள். மகனே என்று அர்த்தம். சிலர் 'டாக்டர்' என்பார்கள், சிலர் துப்புரவுக்கு வந்தவன் என்று நினைத்துச் சாப்பாட்டுத் தட்டை நீட்டுவார்கள். தட்டை வாங்கி வைத்துவிட்டு, "நான்தான் இன்று உங்கள் நர்ஸ்" என்று பெயரைப் பலகையில் எழுதச் சொல்லியிருக்கிறேன். டாக்டர் என்று அழைத்தாலும் அதே பதில்தான். திருத்தாமல் விட்டால் நோயாளி யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரியாமல் தவிப்பார்.

ஹூஸ்டனில் என் மகனின் மெக்சிகோ நண்பன் சேர ஆசைப்படுகிறான். செலவுதான் பயம்.

அரசு சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு நர்சிங் படிப்பு இருக்கிறது. முன்பாடங்களுக்குக் கொஞ்ச காலம் கூடப் பிடிக்கும். நாலு வருஷம் படித்தவர் எழுதும் அதே என்கிளெக்ஸ் உரிமத் தேர்வைத்தான் இவனும் எழுதுவான். வேலையில் சேர்ந்தபின் பட்டத்தை முடித்துக்கொள்ளலாம், அதற்குப் பணம் தரும் மருத்துவமனைகள் உண்டு.

ஆண் என்று இடம் மறுப்பார்களோ என்ற பயமும் வேண்டாம். மிசிசிப்பியில் ஓர் அரசுப் பெண்கள் பல்கலைக்கழகம் ஜோ ஹோகன் என்பவரை நர்சிங்கில் சேர்க்க மறுத்தது. அது தவறு என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

பனாமாவில் பிறந்த நர்ஸ் இல்டாவுரா முரியோ ரோதே 1975-இல் தொடங்கிய தேசிய ஹிஸ்பானிக் நர்ஸ்கள் சங்கத்தில் மாணவர்களும் சேரலாம், உதவித்தொகையும் உண்டு. முதலில் அதை விசாரிக்கச் சொல்லுங்கள்.