ஆர்எக்ஸ் 100: கார்புரேட்டரை மாற்றுவதா, பார்ட்ஸ் தேடுவதா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கிறேன். 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. நிறுத்தி வைத்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் சொட்டுகிறது, ஸ்லோவில் வண்டி நிற்பதில்லை. புது கார்புரேட்டர்தான் போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஒரிஜினல் பார்ட்ஸ் எங்கே கிடைக்கும்?

பதில்:

முதலில் ஒன்று: பழைய கார்புரேட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் வண்டியில் இருப்பது மிக்குனி விஎம் 20. அதில் தேயும் சாமான்கள் ஏழெட்டுதான், பெரும்பாலானவை இன்றைக்கும் கிடைக்கும். புதுசாகக் கிடைக்காதது பாடி, அதாவது வெளிக்கூடு. முப்பது வருஷப் பழைய நல்ல பாடியைக் கொடுத்துவிட்டு, பேர் தெரியாத வார்ப்பில் புதுசு வாங்கி, பிறகு ஆறு மாசம் ட்யூனிங் செய்துகொண்டிருப்பவர்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் நிறையப் பேர்.

எங்கே கிடைக்கும் என்பதற்கு முன்னால் எது போயிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறு. சொட்டுவதற்கும் ஸ்லோவில் நிற்காததற்கும் ஒரே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

சொட்டுவது: கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்தான் பௌல். அதைக் கழற்றினால் ஃப்ளோட்டுக்கு (மிதவை) மேலே, பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வு இருக்கும். அதன் நுனியில் கறுப்பு ரப்பர். நகத்தால் தடவிப் பாருங்கள், வளையமாகப் பள்ளம் தட்டுப்பட்டால் போய்விட்டது. நீடிலும் அது உட்காரும் பித்தளை சீட்டும் ஜோடி. நீடிலை மட்டும் மாற்றினால் பழைய சீட்டின் தேய்மானத்தில் புது ரப்பர் சரியாக உட்காராமல் கொஞ்ச நாளில் மறுபடி சொட்டும். சீட்டைத் திருகி எடுத்து, அடியில் உள்ள வாய்சரோடு சேர்த்துப் புதுசு போடுங்கள். சீட்டில் 1.5, 2.0 என்பதுபோல் துளை அளவு இருக்கும். பழையதில் என்ன எண்ணோ அதையே வாங்க வேண்டும். பெரிசு போட்டால் டேங்கில் பெட்ரோல் நிறைய இருக்கும்போது நீடில் மூடத் திணறும்.

நீடில் புதுசு போட்டும் சொட்டுகிறதா? பௌலுக்குள் பித்தளைக் குழாய் ஒன்று நிற்கும், ஓவர்ஃப்ளோ குழாய். அதில் முடி அளவு விரிசல் விட்டால், நீடில் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பெட்ரோல் கீழே ஒழுகும். பெரும்பாலான பட்டறைகளில் பார்க்காமல் விடுவது இதைத்தான். பௌலைத் தனியாக எடுத்து, குழாயின் உயரத்துக்குக் கீழே வரை பெட்ரோல் ஊற்றி, ஒரு வெள்ளைத் தாள் மேல் கால் மணி நேரம் வையுங்கள். தாள் நனைந்தால் குழாயில்தான் கோளாறு. ஈயம் பற்ற வைத்துச் சரிசெய்யலாம், பௌல் மாற்றத் தேவையில்லை. கூடவே பித்தளை ஃப்ளோட் என்றால் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை.

சொட்டும் வண்டியை, டேங்கின் அடியில் உள்ள பெட்ரோல் காக் (திருகி) மூடாமல் நிறுத்தாதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் வழியும் பெட்ரோல் கிராங்க் கேஸுக்குள் போய்த் தேங்கும். காலையில் கிக்கர் கெட்டியாக இருக்கும், ப்ளக் நனைந்திருக்கும். அப்போது பெட்ரோல் காக் மூடி, ப்ளக்கைக் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகி பத்துப் பதினைந்து கிக் அடித்தால் வெளியே வந்துவிடும். இக்னிஷன் ஆஃப் ஆகட்டும், ப்ளக் கேப் ஓட்டைக்குத் தள்ளி இருக்கட்டும். வெளியே பீறிடுவது பெட்ரோல், ஒரு பொறி போதும்.

ஸ்லோவில் நிற்காதது: இங்கேதான் பணம் வீணாவது. பைலட் ஜெட் (ஸ்லோவுக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளை) அடைப்பு, ஸ்லைடு தேய்மானம், ரப்பர் ஜாயிண்டில் ஏர் இழுப்பது, கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) போனது, நாலில் எதுவாகவும் இருக்கலாம். கடைசி இரண்டும் கார்புரேட்டர் கோளாறே இல்லை. என்ஜின் ஓடும்போது கார்புரேட்டருக்கும் ப்ளாக்குக்கும் நடுவே உள்ள ஜாயிண்டைச் சுற்றி, பெட்ரோல் அல்ல, கார்ப் க்ளீனர் ஸ்ப்ரேயைக் கொஞ்சம் அடியுங்கள். சைலன்சர் சூட்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தம் ஏறி இறங்கினால் அங்கே காற்று உள்ளே போகிறது. ரீட் வால்வு (உள்ளே போன மிக்சரைத் திரும்ப விடாத தகடு) பேக்கிங்கும் இதே கணக்குதான். ஆக்சிலேட்டரை விட்டும் ஆர்பிஎம் சட்டென இறங்காமல் தொங்கினால் மேக்னெட் பக்க கிராங்க் சீலைச் சந்தேகப்படுங்கள். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளையாகப் புகையும், கியர் ஆயில் குறையும். இதெல்லாம் இருக்கும்போது தங்கத்தில் கார்புரேட்டர் செய்து போட்டாலும் நிற்காது.

இனி ஸ்லைடு, ஆக்சிலேட்டர் கேபிள் மேலே இழுக்கும் உருளை. நம் பட்டறைகளில் இதை பிஸ்டன் என்பார்கள். கேபிளோடு மேலே இழுத்து, பாதி வெளியே வந்த நிலையில் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நல்லதில் மெலிதாக ஒரு அசைவுதான் இருக்கும். கடகடவென்று ஆடினால் தேய்ந்துவிட்டது. என்ஜின் பக்க முகம்தான் அதிகம் தேயும், அந்தப் பக்கம்தான் உறிஞ்சல். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் தூசி காற்றில் இருக்கும் இடங்களில் ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச் இல்லாமல் ஓடிய வண்டிகளில் ஸ்லைடும் பாடியும் சேர்ந்தே தேய்ந்திருக்கும். ‘பிக்கப்’புக்காக ஃபில்டரைக் கழற்றுவது இங்கே ஒரு வியாதி, கிரானைட் தூசி பித்தளையை அரம் போல ராவும்.

தேய்ந்தது ஸ்லைடா பாடியா என்று கண்டுபிடிக்க வழி: கடையில் புது ஸ்லைடை வாங்கும் முன் உங்கள் பாடியில் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். ஆட்டம் நின்றால் ஸ்லைடு மட்டும் போதும். புதுசும் ஆடினால் பாடியின் துளை தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டது. அப்போதுதான் வேறு பாடி தேட வேண்டும். ஸ்லைடின் அடியில் 1.5, 2.0, 2.5 என ஓர் எண் இருக்கும். கீழ்விளிம்பில் எத்தனை மில்லிமீட்டர் வெட்டியிருக்கிறது என்பது அது. எண் கூடினால் ஆக்சிலேட்டர் தொடக்கத்தில் மிக்சர் லீன், அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறையும். எண் பார்க்காமல் வாங்கிய ஸ்லைடுதான் ‘புதுசு போட்டும் திணறுது’ என்ற புகாருக்குப் பாதிக் காரணம்.

அடுத்து, எல்லோரும் மறக்கும் சாமான் நீடில் ஜெட். நீளமான நீடில் மேலும் கீழும் போய்வரும் பித்தளைக் குழல். நீடில் உரசி உரசி அதன் வாய் அகலமாகும். மிக்குனி இதற்கு ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் போடும். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் துளை வித்தியாசம் 0.05 மி.மீ., ஓர் எண்ணுக்கு 0.005 மி.மீ. அதாவது கண்ணுக்கே தெரியாத 0.05 மி.மீ. தேய்ந்தால் ஒரு முழு எழுத்து பெரிய ஜெட் போட்டதற்குச் சமம். கால் ஆக்சிலேட்டரிலிருந்து முக்கால் வரை புகையும் திணறலும், மைலேஜ் சரிவும் இதனால். மெயின் ஜெட்டை (முழு ஆக்சிலேட்டருக்குப் பெட்ரோல் விடுவது) குறைத்தால் இது சரியாகாது. முழு ஆக்சிலேட்டரில் லீன் ஆகி என்ஜின் பிஸ்டன் சூட்டில் இறுகி சீஸ் ஆகும். நீடிலையும் நீடில் ஜெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இப்போது எங்கே வாங்குவது. கிட்டத்தில் பெங்களூரு ஜே.சி. ரோடு, உங்களுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம். செகண்ட் ஹேண்ட் பாடி, பௌல் வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டை. புது சாமானுக்கு அதே சென்னையில் ஜி.பி. ரோடு. ஆனால் இங்கெல்லாம் ‘ஆர்எக்ஸ் கிட் குடுங்க’ என்று கேட்டால் ஒரு பாலிதீன் கவரில் எல்லாம் போட்டுக் கொடுப்பார்கள். அதில் பேக்கிங்கும் ஓ-ரிங்கும் உபயோகப்படும். ஜெட்டுகளை நம்ப முடியாது. தனித்தனியாகக் கேளுங்கள், பழைய சாமானைக் கையில் கொண்டு போங்கள்.

யமஹா கவரில் வந்தால் பார்ட் நம்பரைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. முதல் மூன்று இடம் அந்தச் சாமான் முதலில் எந்த மாடலுக்கு வந்தது என்பது. அது உங்கள் மாடலாக இல்லாமலும் இருக்கலாம், பயப்பட வேண்டாம். நடுவில் உள்ள ஐந்து எண்தான் சாமான் என்ன என்று சொல்லும்: 14343 மெயின் ஜெட், 14342 பைலட் ஜெட், 14390 நீடில் வால்வு செட், 14985 ஃப்ளோட், 14984 பௌல் பேக்கிங். கடைக்காரர் கம்ப்யூட்டரில் தேடும்போது இதைச் சொன்னால் வேலை சீக்கிரம் முடியும்.

மிக்குனியின் உரிமத்தில் சென்னை மறைமலை நகரில் யூகால் தயாரித்த ‘மிக்கார்ப்’ பெயர் பார்த்தால் தயங்காமல் வாங்கலாம். அது டூப்ளிகேட் இல்லை. ஓசூர் டிவிஎஸ் ஆலையில் உருவான பழைய இண்ட்-சுசுகி, சாமுராய் வண்டிகளுக்கும் அதே குடும்பத்து கார்புரேட்டர் வந்ததால், ஓசூர்ப் பக்கம் பழைய ஸ்டாக் கடைகளில் இந்த வகை ஜெட்டுகள் கிடக்க வாய்ப்பு உண்டு. ஜெட்டின் உருவமும் மரையும் எண்ணும் ஒத்தால் போட்டுக்கொள்ளலாம். ஸ்லைடு, நீடில் மட்டும் மாடல் விட்டு மாடல் மாற்றாதீர்கள்.

அசல் மிக்குனி ஜெட்டில் சதுரத்துக்குள் சதுரம் முத்திரை இருக்கும், எண் கூர்மையாக இருக்கும். தலை அறுகோணமா உருண்டையா என்பதும் முக்கியம், இரண்டு வகையிலும் எண் கணக்கு வேறு. கெய்ஹின் (இன்னொரு கார்புரேட்டர் கம்பெனி) எண் அதைவிட வேறு. உருண்டையில் 100 என்பதும் அறுகோணத்தில் 100 என்பதும் ஒரே துளை அல்ல. சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம்: ஊசி இல்லாத 20 மி.லி. சிரிஞ்சின் அடியில் ரப்பர் குழாய் வழியாக ஜெட்டை மாட்டி, பெட்ரோலை நிரப்பி, காலியாக எத்தனை விநாடி என்று பழையதையும் புதியதையும் ஒப்பிடுங்கள். ஒரே எண் போட்ட இரண்டு மலிவு ஜெட்டுகள் ஒரே நேரத்தில் காலியாகாததைப் பார்த்தால் மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. அடைப்பெடுக்க இரும்புக் கம்பி, பின் எதுவும் விடாதீர்கள்; துளை கீறினால் எண்ணுக்கு அர்த்தமில்லை. கார்ப் க்ளீனர், ஏர், முடியாவிட்டால் மின் ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை.

லேத்தில் செய்யக்கூடியதும் உண்டு. பௌல் முகம், ஜாயிண்ட் முகம் கோணியிருந்தால் சமன் செய்யலாம். பழைய ஸ்க்ரூ மரை போயிருந்தால் புது மரை போடலாம். சிப்காட், சிட்கோ புண்ணியத்தில் ஓசூரில் நுணுக்க வேலைக்கு ஆள் பஞ்சமில்லை. பாடியை போர் செய்து பெரிய ஸ்லைடு கடைந்து போடுவதும் முடியும், ஆனால் வேறு பாடி ஒன்று கிடைக்காத பட்சத்தில் மட்டும். ஜெட்டை ட்ரில் விட்டுப் பெரிசாக்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லி வாருங்கள்.

இன்றைய இ20 பெட்ரோலும் (20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது) இதில் சேர்கிறது. எத்தனால் கலந்ததால் அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் தேவை. 1993 ஜெட்டில் வண்டி கொஞ்சம் லீனாகவே ஓடும். ஃபில்டர், சைலன்சர் எல்லாம் ஸ்டாண்டர்டாக இருந்தும் ப்ளக் வெளுத்தால் மெயின் ஜெட்டில் ஒரு சைஸ் ஏற்றுங்கள், நீடில் க்ளிப்பை ஒரு காடி கீழே இறக்குங்கள் (நீடில் மேலே வரும், மிக்சர் ரிச் ஆகும்). பழைய ஸ்டாக் ஓ-ரிங் இந்தப் பெட்ரோலில் ஊதிப்போகும், எனவே ரப்பர் சாமானில் மட்டும் பழைய ஸ்டாக் ஆசை வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதானால் பௌலைக் காலி செய்யுங்கள். மழைக்காலத்தில் ஈரம் இழுத்து உள்ளே வெள்ளைப் பொடி படியும், அதுதான் அடுத்த அடைப்பு.

எல்லாம் பூட்டிய பின் ட்யூனிங்: என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். ஏர் ஸ்க்ரூவை (ஸ்லோவில் காற்றைக் கூட்டிக் குறைப்பது) மெதுவாக முழுசும் மூடி, முறுக்காமல், ஒன்றரைச் சுற்று திறக்கவும். கால் கால் சுற்றாக இரு பக்கமும் திருப்பி எங்கே வேகம் உச்சமோ அங்கே நிறுத்தி, பிறகு ஸ்லோ ஸ்க்ரூவில் இறக்குங்கள். ஒரு சுற்றுக்குள்ளேயே உச்சம் வந்தால் பைலட் ஜெட் சின்னது அல்லது அடைப்பு. இரண்டரைச் சுற்று தாண்டியும் தேடினால் பெரிசு. எந்தப் பக்கம் திருப்பினாலும் மாற்றமே இல்லையென்றால் சோக் ப்ளஞ்சர் அடியில் உள்ள ரப்பரைப் பாருங்கள், அது மூடாமல் கசிந்தால் ஸ்க்ரூவுக்கு மதிப்பே இல்லை.

கடைசியாக ஆயில் பம்ப். ஆக்சிலேட்டர் கேபிள் இரண்டாகப் பிரிந்து ஒன்று கார்புரேட்டருக்கும் மற்றொன்று பம்புக்கும் போகும். ஸ்லைடோ கேபிளோ மாற்றினால் பம்ப் புல்லியில் உள்ள குறியும் சேர்ந்து ஒத்துவர வேண்டும், இல்லாவிட்டால் கார்புரேட்டர் முழுசாகத் திறந்திருக்க ஆயில் பாதிதான் போகும். பம்பைக் கழற்றிவிட்டு டேங்கில் 2டி ஆயில் கலக்கும் வண்டி என்றால் லிட்டருக்கு 25 மி.லி. (1:40). அப்படிக் கலக்கும் வண்டியில் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது கியரில் விட்டு ஆக்சிலேட்டரை முழுசும் மூடிக்கொண்டே போகாதீர்கள்: பெட்ரோல் போகாவிட்டால் ஆயிலும் போகாது. அவ்வப்போது லேசாகத் திருகிவிடுங்கள்.