யாழ்ப்பாணப் பயணத்துக்கு முன் விரல் விறைப்பு

கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வரும்போதே சின்னவிரலும் மோதிரவிரலும் விறைக்கிறது, நிதி திரட்டும் குழுவோடு யாழ்ப்பாணம் வரை சைக்கிளில் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். உள்ளங்கை ஓரத்து நரம்பு ஹாண்டிலில் நசுங்குவதுதான் பெரும்பாலும் காரணம்.

முதலில் சீற்றைப் பாருங்கள். முன்பக்கம் சரிந்திருந்தால் உடம்புப் பாரம் கையில்தான் இறங்கும், மட்டமாக்குங்கள். ஹாண்டிலைக் கொஞ்சம் உயர்த்தி, முழங்கையை லேசாக மடித்து, அடிக்கடி பிடியை மாற்றுங்கள். ரயரில் காற்றைக் கல்லுப் போல அடிக்க வேண்டாம். மெத்தை வைத்த கையுறையும் உதவும், ஆனால் அதை வாங்கியதோடு சீற்றை மறந்துவிடுவார்கள்!

ஞாயிறு விடியற்காலை காலி வீதியில் களுத்துறை போய்த் திரும்பிப் பாருங்கள். ஓய்வெடுத்தும் விறைப்பு விடாவிட்டால், பிடி தளர்ந்தால், வைத்தியரைப் பார்க்காமல் போக வேண்டாம். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் அல்லவா. அப்புறம், பின்னால் உதவிக்கு வான் வண்டி வருமா என்று ஏற்பாட்டாளரிடம் இப்போதே கேளுங்கள்.