சயின்ஸ் ஃபிக்‌ஷன் மாடல் கிட் ஒன்றைக் கட்டி பெயிண்ட் அடித்து வைத்தும் பொம்மை மாதிரியே தெரிகிறது. டயோராமா பேஸ் (மாடல் நிற்கும் இடத்தையே குட்டிக் காட்சியாக அமைத்த அடித்தளம்) செய்தால் மாறுமா?

மாறும். ஆனால் மாடலை முழுக்க முடித்துவிட்டு, கடைசியில் ஒரு பலகையில் ஒட்டி, சுற்றிலும் பச்சைப் பொடி தூவினால் மாறாது. பலகை மேல் நிற்கும் பொம்மை ஆகும், அவ்வளவுதான். நீங்கள் அதைத்தான் செய்யப்போகிறீர்கள் என்று ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன். வீட்டுக்கு வந்த சித்தப்பா யாராவது ஷோகேஸைப் பார்த்து "இது பையனோடதா?" என்றும் கேட்டிருப்பார். என்னையும் கேட்டார்கள்.

அம்பாசடர் கார் மாடலைப் பார்த்தால் நிஜக் கார் எவ்வளவு பெரிது என்று நமக்குத் தெரியும், மனசு தானாகப் பெருக்கிக்கொள்ளும். சயின்ஸ் ஃபிக்‌ஷன் இயந்திரத்தை யாரும் நேரில் பார்த்ததில்லை. அது ஆள் உயரமா, மூன்று மாடி உயரமா என்பதைப் பக்கத்தில் இருக்கும் பொருள்தான் சொல்ல வேண்டும். பேஸின் முதல் வேலை அதுதான். அழகெல்லாம் அப்புறம். கொலுவில் செட்டியார் யானையை விடப் பெரிதாக உட்கார்ந்திருந்தாலும் யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அது கொலு. நாம் செய்வது நிஜம் என்று நம்பவைக்கும் வேலை, இங்கே அளவு பிசகினால் போச்சு.

நான் செய்தது மாஷினன் கிரீகர் என்ற ஜப்பானியத் தொடரின் எஸ்.ஏ.எஃப்.எஸ். கிட், 1/20 ஸ்கேல் (நிஜ அளவில் இருபதில் ஒரு பங்கு), ஹாசெகாவா தயாரிப்பு. ஜப்பானிய மாடல் கலைஞர் கோ யோகோயாமா 1982இல் ஹாபி ஜப்பான் இதழில் எஸ்.எஃப்.3டி என்ற பெயரில் தொடங்கியது இது. அணு ஆயுதப் போரில் பாழான பூமி மெல்லத் தேறி, மனிதர்கள் திரும்ப வந்து, 29ஆம் நூற்றாண்டில் மறுபடி சண்டை போட்டுக்கொள்வதாகக் கதை. எஸ்.ஏ.எஃப்.எஸ். என்பது ஓர் ஆள் உள்ளே ஏறி நின்று இயக்கும் முட்டை வடிவக் கவச உடை.

என் ஊர் திருச்செந்தூர் பக்கம். மனிதர் இல்லாமல் போய் மறுபடி உயிர் வந்த பூமி என்றதும் எனக்குக் குதிரைமொழித் தேரிதான் நினைவுக்கு வந்தது. சிவப்பு மணல், பனை, வேறொன்றும் இல்லை. "ஜப்பான்காரர் கதையில் தேரிக்காடு எங்கே வந்தது?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: கதை நடப்பது இதே பூமியில்தான், சண்டை எங்கள் ஊர் வரை வராது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எடுத்ததும் ஒரு டப்பா மணல்தான். மணல் கொள்ளை என்று ஆரம்பித்துவிடாதீர்கள்.

1/20இல் கணக்கு இப்படிப் போகும். 1 மி.மீ. மணல் துகள் 2 செ.மீ. கூழாங்கல்லாகிவிடும், அதனால் கட்டட வேலை மணல் ஆகாது. தேரி மணல் இயல்பிலேயே நைஸ். அதையும் டீ வடிகட்டியில் சலித்து, பழைய வாணலியில் வறுத்து ஈரத்தையும் பூச்சியையும் போக்கினேன். 40 செ.மீ. தடிமனான பனை, 2 செ.மீ. குச்சி. ஆனால் 15 மீட்டர் மரம் 75 செ.மீ. வரும், எந்த அலமாரியில் வைப்பது? எனவே ஆள் உயரத்தில் முறிந்த மொட்டைப் பனை. மரக்குச்சி மேல் எம்-சீல் அப்பி, இறுகுவதற்குள் கத்தியால் வளையம் வளையமாகக் கீறினேன். பனை எவ்வளவு தடிமன் என்று நமக்குத் தெரியும் என்பதால், பக்கத்தில் நிற்கும் உடைக்குள் ஓர் ஆள் இருக்கிறார் என்பது சொல்லாமலே புரிகிறது.

கால்தான் ரொம்ப முக்கியம். கனமான எதுவும் மணல் மேல் நிற்காது, மணலுக்குள் நிற்கும். செதுக்கிய தெர்மோகோல் மேல் மணலும் ஃபெவிகாலும் கலந்து பூசி, காய்வதற்கு முன் மாடலின் பாதத்தில் மெல்லிய பாலிதீன் சுற்றி அழுத்தி எடுத்தேன். மேலே தூவிய மணலை நிறுத்த, ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. சோப்பு இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் மணலுக்குள் இறங்காமல் முத்து முத்தாக உருண்டு நிற்கும். சலித்ததில் கடைசியாகத் தங்கிய தூளை முழங்கால் வரை உடையிலும் தடவினேன். தரையில் இருக்கும் புழுதியே காலிலும் இருந்தால்தான் இரண்டும் ஒரே இடத்தைச் சேர்ந்தவை ஆகும். இதனால்தான் பேஸை முதலிலேயே யோசியுங்கள் என்கிறேன். உடையின் நிறத்தையும் மணல்தான் முடிவு செய்தது: வெளிறிய சாம்பல் பச்சை.

பெயிண்ட் வேலை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிரைமர், அக்ரிலிக், அதன் மேல் பளபளப்பு வார்னிஷ், இடுக்குகளில் கரைத்த ஆயில் பெயிண்ட், கடைசியில் மேட் வார்னிஷ். பெயிண்ட் பெயர்ந்த இடங்களுக்கு ஸ்பாஞ்சுத் துண்டில் அடர் பழுப்பைத் தொட்டு ஒற்றினால் போதும். சென்னையில் இருந்தால் ஐப்பசி மழையில் ஸ்ப்ரே வார்னிஷ் அடிக்காதீர்கள், காற்றின் ஈரத்தில் வெள்ளை பூத்துவிடும்.

    

ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தெளிக்கும் கருவி) இல்லாமல் முடியுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முடியும். யோகோயாமாவே தூரிகையால் பெயிண்ட் அடிப்பதற்குப் பெயர் போனவர். தூரிகைத் தடம் அந்த உடைகளுக்குப் பொருந்தும். கார் மாதிரி வழவழப்பான விண்கலம் என்றால் விஷயம் வேறு, அதை நான் கட்டியதில்லை.