அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் இறந்து இத்தனை வருடம் ஆகியும் ஏன் இப்படி நினைவுகூர்கிறார்கள்?

கோல்ட்ரேன் 1967 ஜூலை 17 அன்று கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 40தான். நான்கு நாள் கழித்து, நியூயார்க்கில் ஒரு லூத்தரன் தேவாலயத்தில் நடந்த இறுதி அஞ்சலியில் சாக்ஸபோன் கலைஞர்கள் ஆல்பர்ட் அய்லரும் ஆர்னெட் கோல்மனும் தங்கள் குழுக்களோடு வாசித்தார்கள். ஒரு கலைஞனை இதைவிட நன்றாக வழியனுப்ப முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காரணம் வேகமோ திறமையோ மட்டும் இல்லை. 1957இல் ஹெராயின் பழக்கத்தை விட்டவர், அதைக் கடவுளின் அருள் என்றே நம்பினார். அந்த நன்றிதான் 1964 டிசம்பர் 9 அன்று, நியூ ஜெர்சியில் ஒரே நாளில் பதிவான 'எ லவ் சுப்ரீம்' என்ற ஆல்பம். அதன் நான்காம் பகுதியைக் கட்டாயம் கேளுங்கள். அவரே எழுதிய பிரார்த்தனைக் கவிதை ஒன்று இசைத்தட்டின் உறையில் அச்சாகியிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், சாக்ஸபோன் அந்தச் சொற்களை அசை அசையாக உச்சரிப்பது புரியும். முதல்முறை அதைக் கண்டுகொண்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம், 2007இல் சிறப்பு புலிட்சர் விருதும் வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் அவரைப் புனிதராகவே ஏற்று, அவர் இசையோடு வழிபடும் ஒரு தேவாலயம் இருக்கிறது. சிதார் கலைஞர் ரவிசங்கரின் பெயரையொட்டி ரவி என்று பெயர் வைத்த மகனும் இன்று சாக்ஸபோன் கலைஞர்தான். அப்பா போனபோது அவருக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை.