இருவருமே விட்டுக்கொடுத்தும் ஏன் இடிக்கிறது?

கேள்வி: நானும் சக ஊழியர் ஒருவரும் ஒரே பணியைச் சேர்ந்து செய்கிறோம். எங்களுக்குள் பகை எதுவும் இல்லை. ஆனால் நான் பேச வாயெடுத்தால் அவரும் பேசத் தொடங்குகிறார். இருவரும் சட்டென்று நிறுத்துவோம், பிறகு மறுபடி ஒன்றாகவே தொடங்குவோம். அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க நான் முயன்றால், அவர் எனக்காக வேகத்தைக் குறைத்துவிடுகிறார். காணொளி அழைப்பில் இது இன்னும் மோசம். “உங்கள் மூளை அலைகள் பொருந்தவில்லை” என்கிறார் நண்பர். தலையில் பட்டை மாட்டி அலைகளைப் பொருத்தித் தரும் பயிற்சிக்கு விளம்பரமும் பார்த்தேன். சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: நீங்கள் இருவரும் ஒரே பிழையை ஒரே நேரத்தில், முழு அளவில் திருத்துகிறீர்கள்.

முதலில் பேச்சை எடுத்துக்கொள்வோம். உலகின் வெவ்வேறு பகுதிகளைச் சேர்ந்த 10 மொழிகளில் உரையாடல்களை அளந்த ஆய்வு 2009-இல் வெளியானது. ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் இடையே சராசரியாகச் சுமார் 200 மில்லி விநாடிதான் இருந்தது. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே மூளைக்குச் சுமார் 600 மில்லி விநாடி வேண்டும். ஆக, எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் எங்கே முடிப்பார் என்று ஊகித்து, பதிலையும் தயார் செய்துகொண்டுதான் நாம் கேட்கிறோம். ஊகம் இம்மி பிசகினாலும் இரண்டு குரலும் மோதும். இது மரியாதைக் குறைவால் வருவதில்லை என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மோதல் மறுபடி மறுபடி வருவதுதான் உங்கள் சிக்கல். அடுத்தவரின் அசைவு எப்போது வரும் என்று கணிப்பதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. நாம் செய்தது தவறு என்றால் முன்மூளையின் நடுப்பகுதி 100 மில்லி விநாடிக்குள் எச்சரிக்கை எழுப்பும். அடுத்த முறை திருத்தம் நடக்கும். இப்போது ஒரு கணக்கு. இருவர் சேர்ந்து தாளம் தட்டும்போது நீங்கள் 40 மில்லி விநாடி முந்திவிட்டீர்கள். அடுத்த அடியில் அதைச் சரிசெய்ய நீங்கள் 40 தாமதிக்கிறீர்கள். அவரும் உங்களுக்காக 40 முந்துகிறார். விளைவு, அவர் 40 முன்னால். பிழை அப்படியே இருக்கிறது, ஆள்தான் மாறியிருக்கிறது. ஆளுக்குப் பாதி, அதாவது 20 திருத்தியிருந்தால் அந்த அடியிலேயே சரியாகியிருக்கும். குறுகிய நடைபாதையில் எதிரெதிரே வரும் இருவர் ஒரே பக்கம் விலகி விலகி முட்டிக்கொள்வதும் இதே கணக்குத்தான்.

இதை மூளைக்குள்ளேயே பார்த்திருக்கிறார்கள். ஃபேர்ஹர்ஸ்ட், ஜனாட்டா, கெல்லர் மூவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தவர்கள் ஒரு கணினிக் கூட்டாளியோடு சேர்ந்து விரலால் தாளம் தட்டினார்கள். அந்தக் கூட்டாளி எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை ஆய்வாளர்கள் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். கூட்டாளி மிதமாக அனுசரித்தபோதுதான் தாளம் நன்றாக ஒட்டியது. அளவு மீறி அனுசரித்தபோது குலைந்தது. நன்றாக ஒட்டிய நேரங்களில் மூளையின் நடுக்கோட்டுப் பகுதிகள் கூடுதலாக இயங்கின. ஒட்டாமல் போனபோது, கவனத்தைக் கட்டிப்பிடித்து வைக்கும் முன்மூளைப் பக்கப் பகுதிகள் உழைக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் இசைந்துபோகிற கூட்டாளி நமக்கு வசதி என்றுதான் தோன்றும். ஆனால் அவரை முன்கூட்டிக் கணிக்க முடிவதில்லை. பிடிமானம் இல்லாத ஆளோடு சேர்ந்து இயங்குவது மூளைக்குப் பாரம்.

ஆகவே திருத்தும் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தின் முதல் பாதியில் மோதல் வந்தால் நீங்கள் நிறுத்துவீர்கள், அவர் தயங்காமல் தொடர்வார். மறுபாதியில் அப்படியே மாற்றி. யார் விடுவது என்பது முக்கியமில்லை, இருவரும் ஒரே நேரத்தில் விடக்கூடாது என்பதுதான் முக்கியம். இதை வாய்விட்டுப் பேசி முடிவு செய்யுங்கள். மனதுக்குள் மட்டும் தீர்மானித்தால், அவரும் அதையே தீர்மானித்திருப்பார். பழைய இடத்துக்கே திரும்புவீர்கள்.

வேலையின் வேகத்துக்கும் இதே முறைதான், ஒரு வேறுபாட்டோடு. சிறு பிசகுகளை மூளை தானாகவே, நாம் அறியாமலே சரிசெய்துவிடும். அடிப்படை வேகத்தையே மாற்றுவது வேறு வகைத் திருத்தம். அதற்குக் கவனமும் தீர்மானமும் வேண்டும். ஒருநாள் அவர் வேகமாக முடித்ததைப் பார்த்து உங்கள் வேகத்தையே மாற்றிக்கொண்டால், தற்செயலான ஆட்டத்தைத் துரத்துகிறீர்கள் என்று பொருள். ஒரே திசையில் மூன்று முறை தொடர்ந்து விலகல் தெரிந்தால் மட்டும் மாற்றுங்கள். அப்போதும் விலகலில் பாதி அளவுக்கு மட்டும். ஒவ்வொரு பணிக்கும் வேகத்தை வகுப்பவர் ஒருவர் என்று வைத்துக்கொண்டால் இன்னும் எளிது.

காணொளியில் உங்கள் மீது தவறே இல்லை. குரல் ஒரு பக்கம் போய்ச்சேர 300 மில்லி விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் முடித்தது உங்களுக்கு 300 கழித்துக் கேட்கும். நீங்கள் வழக்கம்போல் 200-இல் பதில் தொடங்குவீர்கள். அது அவரிடம் சேர மேலும் 300. அவர் காதில் 800 மில்லி விநாடி மௌனம். “பதில் இல்லை போலும்” என்று அவர் மீண்டும் பேசத் தொடங்குகிற கணத்தில் உங்கள் குரல் போய் மோதும். ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. புளூடூத் ஒலிக்கருவியை விட்டு வயர் உள்ளதைப் பயன்படுத்துங்கள், முடிந்தால் இணையத்துக்கும் கேபிள். எது செய்தும் தாமதம் குறையவில்லையென்றால், பேசி முடிப்பவர் “நீங்கள் சொல்லுங்கள்” என்று வாய்ப்பைக் கையளிக்கட்டும். அப்போது மௌனத்தைப் பார்த்து ஊகிக்கும் வேலையே இல்லை.

இனி அலைகள். பேசுபவரின் மூளை இயக்கமும் கேட்பவரின் மூளை இயக்கமும் ஒன்றையொன்று தொடர்வது உண்மைதான். பிரின்ஸ்டனில் யூரி ஹாசன் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்பவரின் மூளை பெரும்பாலும் சற்றுப் பின்தங்கி வந்தது. சில பகுதிகள் முந்திக்கொண்டு கணித்தன. அப்படி முந்தியது எவ்வளவு கூடுதலோ, கதை அவ்வளவு நன்றாகப் புரிந்திருந்தது. தெரியாத மொழியில் கதை சொன்னபோது அந்தப் பிணைப்பு காணவில்லை. எனவே பிணைப்பு புரிதலோடு சேர்ந்தே வருவது, தனியாகத் திருகி ஏற்றக்கூடிய ஒன்று அல்ல. ஒருவரையொருவர் பார்த்தே இராத இருவர் ஒரே படத்தைப் பார்த்தாலும் மூளை இயக்கம் ஒத்துப்போகும்; அதனால் அவர்கள் நல்ல கூட்டாளிகள் ஆகிவிடமாட்டார்கள். நெற்றியில் மாட்டும் பட்டை, கண் சிமிட்டலையும் தசை அசைவையும் சேர்த்தே பதிகிறது. அவை மூளைச் சமிக்ஞையைவிடப் பல மடங்கு பெரியவை. பட்டை காட்டும் அலைக் கோடுகளைப் பார்த்து உங்கள் உறவை யாரும் எடைபோட விடாதீர்கள். புரிதலைக் கூட்ட நேர்வழி ஒன்று உண்டு: முக்கியமான எதற்கும் “சரி” என்று தலையாட்டி முடிக்காமல், புரிந்துகொண்டதை ஒரே வாக்கியத்தில் திருப்பிச் சொல்லுங்கள். பிழை சிறிதாக இருக்கும்போதே வெளியே தெரியும்.

ஒரு விஷயம் மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். ஒருவருக்குக் காது சற்று மந்தமாக இருக்கலாம், அல்லது அவர் ஆட்டிசம் உள்ளவராக இருக்கலாம். அப்போது அடுத்துப் பேசும் முறை யாருடையது என்று காட்டும் குறிப்புகளை இருவரும் வேறு வேறாகப் படிப்பீர்கள். இடைஞ்சல் இரண்டு பக்கமும் இருக்கும். அவரே சொன்னாலொழிய ஊகிக்காதீர்கள். பார்வையாலும் தொனியாலும் உணர்த்துவதைக் குறைத்து, சொல்லாலும் எழுத்தாலும் தெரிவித்தால் போதும்.

முதல் சில நாள்கள் செயற்கையாகத்தான் இருக்கும். இரண்டு வாரம் விதியை மாற்றாமல் வைத்திருங்கள். அதற்குள் மோதல் குறையாவிட்டால், ஒரே வேலைக்கு இரண்டு பொறுப்பாளர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியிருந்தால் வேலையைப் பிரித்துத் தரும்படி மேலதிகாரியிடம் கேளுங்கள்.