அவுஸ்திரேலியர் பேசினால் பாதிதான் விளங்குகிறது

கேள்வி: களுவாஞ்சிக்குடியிலிருந்து ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்குப் படிக்கிறேன். பிபிசி செய்தி விளங்குகிறது. அவுஸ்திரேலியர் பேசினால் பாதிதான் விளங்குகிறது. எது எந்த நாட்டு உச்சரிப்பு என்றும் பிடிபடவில்லை. பிரித்தானிய உச்சரிப்புத்தான் தரமானது, அதையே பழகு என்கிறார் வகுப்பு சேர். பழகத்தான் வேண்டுமா?

பதில்: தங்கச்சி, கொழும்பு பஸ்ஸில் ஒருவர் போனில் "மறுகா வாறன்" என்றால், முகம் பார்க்காமலே நம்ம மட்டக்களப்பு ஆள் என்று பிடித்துவிடுவீர்கள். யாரும் படிப்பித்ததில்லை, கேட்டுக் கேட்டு வந்தது. பிபிசி விளங்குவதும் பெரும்பாலும் அந்தப் பழக்கத்தால்தான்.

முதலில் 'கார்' என்ற சொல்லின் கடைசி ஒலியைக் கவனியுங்கள். அமெரிக்கர் நாக்கை மடித்து 'ர்' சொல்வார். லண்டன் பக்கத்தவரும் அவுஸ்திரேலியரும் அதை விழுங்கிவிடுவார்கள். சரி, அந்த இருவரையும் எப்படிப் பிரிப்பது? உயிரொலியில். அவுஸ்திரேலியர் 'டே' என்பது நம் காதில் 'டை' மாதிரி விழும். நியூசிலாந்துக்காரரின் 'பென்' கிட்டத்தட்ட 'பின்'. (ஸ்கொட்லாந்துக்காரரும் 'ர்' விடமாட்டார், அமெரிக்கர் என்று ஏமாற வேண்டாம்.) ஆனால் கேட்டல் பரீட்சையில் நாட்டைக் கேட்கமாட்டார்கள். 40 கேள்விகள், ஒலிப்பதிவு ஒரே ஒரு தடவை, அவ்வளவுதான். அவுஸ்திரேலிய ஏபிசி வானொலியில் எழுத்து வடிவமும் உள்ள நிகழ்ச்சியாக எடுத்து, முதலில் வாசித்தபடி கேளுங்கள், மறுநாள் வாசிக்காமல்.

'தரமான உச்சரிப்பு' விஷயத்தில் உங்கள் சேரோடு எனக்கு உடன்பாடில்லை. 1960இல் வெளிவந்த ஓர் ஆய்வு: கனடாவின் மொன்றியல் நகரில், இரு மொழியும் சரளமான ஆட்களை ஒரே பகுதியை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வாசிக்க வைத்துப் பதிந்தார்கள். இரண்டும் ஒரே ஆளின் குரல் என்று கேட்டவர்களுக்குச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் வாசித்தபோது அந்த ஆள் அறிவாளியாகவும், ஏன், உயரமானவராகவும் தெரிந்தார்! அப்படிச் சொன்னவர்களில் அந்த ஊரில் பிரெஞ்சு பேசுபவர்களும் இருந்தார்கள். அந்த ஊரில் அப்போது பணமும் பதவியும் ஆங்கிலத்தோடு சேர்ந்திருந்தன. ஆக, நாம் மதிப்புப் போடுவது ஒலிக்கல்ல, அதைப் பேசுபவர்களின் அந்தஸ்துக்கு. பிரித்தானிய உச்சரிப்பு நமக்கு உசத்தியாகப் படுவதும் இந்த வழியில்தான்.

பேச்சுப் பரீட்சையில் உச்சரிப்புக்கு நாலில் ஒரு பங்கு புள்ளி உண்டு. லண்டன்காரர் மாதிரிப் பேச வேண்டும் என்று நிபந்தனை இல்லை. விளங்க வேண்டும். 'பேன்' என்று நீங்கள் சொல்வது மின்விசிறியா சட்டியா என்ற குழப்பம்தான் புள்ளியைக் குறைக்கும். இரண்டு நிமிடம் பேசிப் போனில் பதியுங்கள். ஆங்கிலம் தெரிந்த, உங்களோடு அதிகம் பழகாத ஒருவரிடம் கொடுத்து, கேட்டதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். அவர் பிழையாக எழுதிய சொற்களை மட்டும் திருத்துங்கள். மற்றவை மட்டக்களப்பு வாடையோடு அப்படியே இருக்கட்டும்.