வர்ஜீனியாவின் லௌடன் கவுன்ட்டிக்குக் குடிவருகிறோம். டேட்டா சென்டர், டவுன்ஹவுஸ் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. நான் ஆஷ்பர்ன்வாசி. இந்தக் கிழக்குப் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு லௌடனை எடைபோடாதீர்கள். காரை மேற்கே திருப்புங்கள்.

1757-ல் ஃபேர்ஃபாக்ஸிலிருந்து பிரிக்கப்பட்ட விவசாய பூமி இது. 1962-ல் பக்கத்திலேயே வாஷிங்டன் டல்லஸ் (Dulles) விமான நிலையம் வந்தது. 1990-ல் சுமார் 86 ஆயிரம் பேர், 2020-ல் 4.2 லட்சம். 2022 நவம்பரில் மெட்ரோவும் ஆஷ்பர்னுக்கு வந்துவிட்டது. வளர்ச்சிக் கதை இவ்வளவுதான்.

முதலில் லீஸ்பர்க் போங்கள். 1814 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை வாஷிங்டனைக் கொளுத்த வந்தபோது, ஸ்டீபன் பிளெசன்டன் என்ற அரசு எழுத்தர் சுதந்திரப் பிரகடனத்தையும் மற்ற ஆவணங்களையும் துணிப்பைகளில் திணித்து, வண்டியில் ஏற்றி, கடைசியில் இந்த ஊருக்குத்தான் கொண்டுவந்தார். ஒரு காலி வீட்டில் வைத்துப் பூட்டினார்களாம். ஓர் எழுத்தரின் சமயோசிதம் ஒரு நாட்டின் பிறப்புச் சான்றைக் காப்பாற்றியிருக்கிறது. எனக்கு லௌடனில் மிகவும் பிடித்த கதை இதுதான்.

ஊருக்குச் சற்று வெளியே, போடோமக் ஆற்றங்கரையில் பால்ஸ் பிளஃப். உள்நாட்டுப் போரின்போது, 1861 அக்டோபர் 21 அன்று, அதிபர் லிங்கன் தரப்பான வடக்குப் படை இந்தச் செங்குத்துக் கரையில் சிக்கித் தோற்றது. தப்பி ஓடியவர்களில் பலர் ஆற்றில் மூழ்கினார்கள். லிங்கனின் நெருங்கிய நண்பர் எட்வர்ட் பேக்கர் இங்கேதான் இறந்தார். பதவியில் இருக்கும்போது போர்க்களத்தில் உயிர்விட்ட ஒரே அமெரிக்க செனட்டர் அவர். அங்குள்ள சிறிய கல்லறைத் தோட்டத்தில் 54 வீரர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் பெயர் மட்டும்தான் தெரியும். பிள்ளைகளைக் கூட்டிப் போய் நடந்தபடியே இதைச் சொல்லுங்கள்.

அப்புறம் வாட்டர்ஃபோர்ட். 1733 வாக்கில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் உருவாக்கிய கிராமம். அடிமை முறையை எதிர்த்தவர்கள் அவர்கள். உள்நாட்டுப் போரில் வர்ஜீனியா, பிரிந்துபோன தெற்கு மாநிலங்களோடு சேர்ந்த பிறகும், இந்த ஊர் மில் உரிமையாளர் சாமுவேல் மீன்ஸ் லிங்கன் பக்கம் போரிட ஒரு குதிரைப்படையே திரட்டினார். பழைய கல் வீடுகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். அதனால் தெருவோடு நடந்து பாருங்கள், முற்றத்துக்குள் நுழைய வேண்டாம்.

சைக்கிள் இருந்தால் மறக்காமல் எடுத்து வாருங்கள். பழைய ரயில் தடத்தில் போட்ட 45 மைல் பாதை ஆஷ்பர்ன், லீஸ்பர்க் வழியாகப் பர்செல்வில் வரை போகிறது. அக்டோபரில் இலை நிறம் மாறும் சமயம் இன்னும் நன்றாக இருக்கும்.